டயபர் கட்டிய பிள்ளையோடு கப்பலில்: குளத்துப் பக்கம் போகும் முன்

கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியதும் நான் முதலில் வாங்கியது மகனுக்கு ஒரு மஞ்சள் நீச்சல் உடை. நெஞ்சில் வாத்துப் படம், முதுகில் ஜிப். கூடவே ஸ்விம் டயபர் ஒரு பாக்கெட். அந்த உடையைப் போட்டுக்கொண்டு அவன் கப்பல் குளத்தில் கால்கூட நனைக்கவில்லை.

அவனுக்கு அப்போது 19 மாதம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்பும் 4 இரவுப் பயணம். நானும் கணவரும், கூடவே மாமியாரும். முதல் நாள் மதியமே பிள்ளைக்கு உடை மாட்டி மேல்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். குளத்தோரம் நின்ற ஊழியர் குனிந்து அவனிடம் கை தட்டி விளையாடிவிட்டு, என்னிடம் பலகையைக் காட்டினார். டயபர் அணிந்த குழந்தைகளுக்கும், கழிப்பறைப் பழக்கம் வராத குழந்தைகளுக்கும் அனுமதி இல்லை. நான் விடவில்லை. இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து, இது ஸ்விம் டயபர்தான் என்று காட்டினேன். அவர் பாவம், தினமும் பத்துப் பேரிடம் இதே எலாஸ்டிக்கைப் பார்ப்பார் போல. சிரித்துக்கொண்டே பலகையின் அடுத்த வரியைத் தொட்டார். ஸ்விம் டயபருக்கும் அனுமதி இல்லை.

“இத்தினியூண்டு பையன், அவன் உச்சா போயி இந்தக் கொளம் கெட்டுப்போயிருமாக்கும்?” என்றார் அத்தை. எனக்கும் மனதுக்குள் அதே கேள்விதான். இரண்டு வருடம் கழித்து, 13 மாத மகளோடும் மூன்றரை வயது மகனோடும் வேறொரு கப்பலில் போனபோது எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் போனேன்.

முதலில் இந்த ஸ்விம் டயபர் சமாச்சாரம். பெயரைக் கேட்டதும் தண்ணீருக்கென்றே செய்த, எதையும் வெளியே விடாத டயபர் என்று நினைத்துக்கொள்கிறோம். அது உச்சாவை உறிஞ்சவே உறிஞ்சாது. அப்படியே வெளியே போய்விடும். கெட்டியான ஆயைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். பிள்ளைக்கு லூஸ் மோஷன் என்றால், கிருமிகள் தண்ணீரில் கலப்பதைச் சில நிமிடங்கள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஒரு ஜட்டிக்கு மேல் அதற்குப் பெரிய பெருமை கிடையாது. அதனால் கேபினிலிருந்து கிளம்பும்போதே அதை மாட்டாதீர்கள். லிஃப்டில் உச்சா போனால் உங்கள் சுடிதார்தான் தாங்க வேண்டும். குளத்துக்குப் போகும் வரை சாதா டயபர், அங்கே அதற்கென்று இருக்கும் அறையில் மாற்றுவதுதான் சரி.

சாதா டயபரோடு தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்துவிட்டேன். கோயம்புத்தூரில் எங்கள் அபார்ட்மெண்ட் குளத்தில், மகன் ஒரு வயதாக இருந்தபோது. ஐந்தே நிமிடம். ராத்திரி பொங்கிய இட்லி மாவு மாதிரி டயபர் உப்பிக்கொண்டு முழங்கால் வரை தொங்கியது. தூக்கி எடுக்கும்போது தையல் பிரிந்து, ஜவ்வரிசி போல வழவழவென்று ஜெல் உருண்டைகள் தண்ணீரில் கொட்டின. வாட்ச்மேன் அண்ணன் அரை மணி நேரம் வலை போட்டு அரித்தார். அன்றைக்கு அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் யார் பெயரும் சொல்லாமல் ஒரு செய்தி வந்தது. எல்லோருக்கும் தெரியும், யார் என்று.

குளோரின் இருக்கிறதே, கிருமி செத்துவிடாதா? செத்துவிடும், ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் சாவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லிகிராம் குளோரின், பிஎச் 7.5, வெப்பம் 25 டிகிரி என்ற அளவில், மலத்தில் இருக்கும் இ-கோலை என்ற பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் சாகும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸுக்கு 16 நிமிடம் வேண்டும். குடலைத் தாக்கும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிக்கு முக்கால் மணி நேரம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமிக்கோ 15,300 நிமிடம், அதாவது பத்தரை நாள். நம் 4 இரவுப் பயணம் முடிந்து, ஊருக்கு வந்து, துணியெல்லாம் துவைத்து மடித்து வைத்த பிறகும் அது குளத்தில் உயிரோடு இருக்கும். கப்பல் குளமோ நம் ஊர் கல்யாண மண்டபத்தின் மேடை அளவு. அதில் அடித்துப் பிடித்து நூறு பேர் இறங்குகிறார்கள், அதில் பாதிப் பேர் தண்ணீரை முழுங்குகிற வயது.

விதி எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 1970களிலிருந்து கப்பல் சுகாதாரத்துக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் பயணக் கப்பல்களில் முன்னறிவிப்பில்லாமல் ஏறிச் சோதித்து, 100க்கு மதிப்பெண் போடுவார்கள். 85 வாங்கினால் ஃபெயில். 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அதிகம்தான். டயபர் பிள்ளைகளைப் பொதுக்குளத்தில் விடக்கூடாது என்பது அவர்கள் விதிகளில் ஒன்று. அமெரிக்கா பக்கமே போகாத எங்கள் கப்பலிலும் அதே பலகைதான் தொங்கியது. சூடான குமிழித் தொட்டிக்கும் அதே விதி.

ஆகவே டிக்கெட் போடும் முன் ஏஜெண்டிடம் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். “குழந்தைகள் குளம் இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கு மேடம்” என்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார், பொய்யும் இல்லை. இருந்தது கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளுக்கு. “டயபர் போட்ட பிள்ளை இறங்கத் தனி இடம் இருக்கிறதா, இந்தக் குறிப்பிட்ட கப்பலில்?” என்று கேளுங்கள். ராயல் கரீபியன், டிஸ்னி போன்ற கம்பெனிகளின் சில கப்பல்களில் கைக்குழந்தைகளுக்கென்றே தண்ணீர் பீய்ச்சும் சின்ன இடம் உண்டு. ஒரே கம்பெனியின் இன்னொரு கப்பலில் அது இல்லாமலும் போகலாம். அதனால் கப்பல் பெயரைச் சொல்லிக் கேட்பது முக்கியம். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

மகளோடு போன கப்பலில் அப்படி ஓர் இடம் இருந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர், தரையில் ரப்பர், நடுவில் நீர் துப்பும் ஒரு தவளை. அங்கேயும் விதிகள் உண்டு. சுத்தமான ஸ்விம் டயபர் கட்டாயம். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். டயபர் மாற்றுவது அந்த இடத்தில் கூடாது; அதற்கென்று இருக்கும் அறைக்குத்தான் போக வேண்டும். டயபர் விட்டுவிட்ட பெரிய பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இல்லை. மூன்றரை வயது மகன் தவளையைப் பார்த்துவிட்டு அழுத அழுகை இருக்கிறதே! தங்கைக்கு மட்டும் ஏன் என்று கேட்டான். “நீ பெரிய பையனாயிட்டே” என்று சொல்லி ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டியதாயிற்று. இப்படி வெவ்வேறு வயதில் இரண்டு பிள்ளைகளோடு போனால் ஒருவர் ஒரு பக்கம், இன்னொருவர் இன்னொரு பக்கம் என்று ஆள் பிரித்துக்கொண்டு போங்கள்.

அங்கே நான் வைத்திருந்த வழக்கம் இது. சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் கூட்டிக்கொண்டு போவேன். என் மகளுக்கு வயிறு நிறைந்ததும் ஆய் வரும், உங்கள் பிள்ளையின் நேரம் உங்களுக்குத் தெரியும். இறக்கும் முன் ஷவரில் நிறுத்தி அடிப்பகுதியைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஒரு நிமிடம் போதும். பிறகு அரை மணிக்கு ஒரு தடவை தூக்கி, டயபரை முன்னால் கொஞ்சம் விலக்கிப் பார்ப்பது. வாசனை வரும்வரை காத்திருக்காதீர்கள், தண்ணீரில் வாசனை தெரியாது. பிள்ளை ஒரு மூலையில் போய் அசையாமல் குந்தி, முகம் சிவந்து, எங்கோ வெறித்துப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், அள்ளிக்கொண்டு ஓடுங்கள்.

ஸ்விம் டயபரைக் கழற்றும்போது ஜட்டி போல் கீழே இழுக்காதீர்கள். இரண்டு பக்கத் தையலையும் கிழித்தால் பின்பக்கமாக மடிந்து வந்துவிடும். கீழே இழுத்தால் தொடை, முழங்கால், குதிகால் வரை எல்லாம் பூசிக்கொள்ளும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். மாற்றியபின் உங்கள் கையையும் பிள்ளையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பல் முழுக்கச் சானிடைசர் வைத்திருப்பார்கள், ஆனால் கப்பல்களில் அடிக்கடி பரவும், வாந்தியும் போக்கும் தரும் நோரோவைரஸுக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. சோப்பும் தண்ணீரும்தான்.

வயிறு சரியில்லை என்றால் எந்தத் தண்ணீரும் வேண்டாம். அந்தத் தனி இடமும் வேண்டாம். இங்கே நாம் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்வதில் கெட்டிக்காரர்கள்: பல் முளைக்கிறது, பால் மாவு மாறிவிட்டது, ஃப்ளைட்டில் ஏசி. காரணம் எதுவானாலும் இறக்காதீர்கள். அந்தப் பத்தரை நாள் கிருமி கிரிப்டோஸ்போரிடியம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், போக்கு நின்று 2 வாரம் ஆகும்வரை குளமே கூடாது. வாந்தியும் போக்குமாக இருந்தால் கப்பல் மருத்துவ அறையில் சொல்லிவிடுங்கள். கேபினில் அடைத்துவிடுவார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. அடுத்த மேசையில் சாப்பிடுவது யார் வீட்டுப் பாட்டியோ.

முதல் பயணத்தின் மூன்றாம் நாள் ஒரு சம்பவம். குளத்தில் விசில் அடித்து எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்கள். யார் பிள்ளை என்று தெரியவில்லை. கெட்டியான ஒன்று மிதந்தது. ஓர் ஊழியர் கையுறை போட்டுக்கொண்டு வலைக்கரண்டியால் அதை அள்ளினார். இன்னொருவர் குளத்தின் மேல் வலை விரித்துக் கட்டினார். மூன்றாமவர் சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மாத்திரை போட்டுக் குலுக்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் ரோஸ் நிறமாயிற்று. அதை ஓர் அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதினார். கெட்டியாக இருந்தால் குளோரினை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு ஏற்றி 25 நிமிடமாவது வைக்க வேண்டும் என்பது சிடிசி சொல்லும் கணக்கு. தண்ணியாக இருந்தால் 20 மில்லிகிராம், ஏறக்குறைய 13 மணி நேரம். அதாவது அன்றைய பொழுது எல்லோருக்கும் போச்சு. துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்து அத்தை மெதுவாகச் சொன்னார்: “நம்ம பையனை எறக்காததே நல்லதாப் போச்சு கண்ணு.”

உங்கள் பிள்ளையால் அப்படி ஆகிவிட்டால் நைசாக நழுவாதீர்கள். உடனே ஊழியரிடம் சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள். சொல்லாமல் போனால்தான் அடுத்தவர் குடிக்கிறார்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு குளத்தில் இறங்காதீர்கள். பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி இறக்குவதும் வேண்டாம். எண்ணெய், வியர்வை, உச்சா எல்லாம் குளோரினோடு சேர்ந்தால் அதன் வீரியம் குறைந்து, கண்ணை எரிக்கும் வேறொரு பொருளாகிறது. குளத்துப் பக்கம் குப்பென்று அடிக்கும் அந்த நெடி சுத்தத்தின் வாசனை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது அழுக்கின் வாசனை. பிள்ளையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் துடைத்துவிடுங்கள், கரைந்து கண்ணில் வழியும். குளத்தோரச் சாய்வு நாற்காலியில் கிடத்தி டயபர் மாற்றுவது வேண்டவே வேண்டாம். அடுத்து அதில் ஒருவர் முகம் வைத்துப் படுப்பார். பருப்புச் சோறும் அங்கே ஊட்ட வேண்டாம்.

சரி, இறங்க இடமே இல்லாத கப்பல் என்றால்? முதல் பயணத்தில் எங்களைக் காப்பாற்றியது காற்றடைக்கும் ஒரு சின்னத் தொட்டி. மடித்தால் சேலை அளவுதான். கேபின் குளியலறையில் ஷவருக்குக் கீழே வைத்து, நான்கு விரல் உயரம் தண்ணீர் விட்டு, இரண்டு டம்ளரும் ஒரு கரண்டியும் கொடுத்தால் முக்கால் மணி நேரம் ஓடும். நீங்கள் கதவருகே உட்கார்ந்தே இருக்க வேண்டும். தண்ணீர் நான்கு விரல் என்றாலும் விட்டுப் போகக்கூடாது. பால்கனியில் வைக்காதீர்கள், கவிழ்ந்தால் கீழ்வீட்டுக்காரர் காபியில் விழும். கரை இறங்கும் நாளில் கடற்கரை இருக்கவே இருக்கிறது. மஞ்சள் வாத்து உடை கடைசியில் புக்கெட் மணலில்தான் நனைந்தது.

அழுக்கு டயபரைச் சுருட்டி, பையில் முடிந்து, கேபின் குப்பைக்கூடையில் போடுங்கள். கேபின் ஊழியரிடம் கேட்டால் கூடுதல் பை தருவார். டயபரோ வைப்ஸோ எதையும் கழிப்பறையில் போடக்கூடாது. கப்பல் கழிப்பறை காற்றால் உறிஞ்சுகிற வகை. உங்கள் ஒரு வைப்ஸ் அடைத்தால் வரிசையாகப் பக்கத்துக் கேபின்களிலும் ஃப்ளஷ் வேலை செய்யாது.

எத்தனை எடுத்துப்போவது? தண்ணீரில் விளையாடும் நாளுக்கு மூன்று ஸ்விம் டயபர் என்று கணக்கு வைத்தேன், மகளுக்கு ஒன்றுகூட மீதி இல்லை. கப்பல் கடையில் உங்கள் அளவு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஏறும் நாளில் பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடலாம், அதனால் ஒரு செட் கைப்பையில் இருக்கட்டும். இறங்கும் நாளுக்கு முந்தின இரவும் பெட்டியை வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். நாங்கள் டயபர் பாக்கெட்டையும் சேர்த்து வைத்துவிட்டு, காலையில் மகனுக்கு என் துப்பட்டாவைக் கோவணம் கட்டித்தான் காலை டிபனுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.