பாவித்த எஸ்பிரெஸ்ஸோ மெஷின் சூடாகவில்லையா? திறப்பதற்கு முன்னால் செய்கிற தவறுகள்

பக்கத்து வீட்டு அண்ணன், கொழும்பில் யாரோ வெளிநாடு போகும்போது விற்ற எஸ்பிரெஸ்ஸோ மெஷின் ஒன்றை வாங்கி நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் காலையில் சமையல் வெப்பமானியும் கையுமாக என் வாசலில் நின்றார். "தம்பி, இது 100க்குப் போகுதே இல்லை. கோப்பியும் புளிக்குது. சூட்டை அளவாக வைக்கிற தெர்மோஸ்டாட் போச்சு போல. புதுசு ஒன்று ஓடர் பண்ணவா?"

கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதே வெப்பமானியை உள்ளே விடச் சொன்னேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, முள் 94இல் நிற்கிறது. "கேத்தலும் பழுதா அண்ணே?" என்றேன்.

மலையில் இருப்பவர்கள் செய்கிற முதல் தவறு இது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் அது 96ஐ ஒட்டி வரும். மெஷினிலிருந்து கோப்பையில் விழுகிற தண்ணீர் இதைத் தாண்டவே முடியாது. விழுகிற வழியில் இன்னும் சில பாகை ஆறியும் போகும். எஸ்பிரெஸ்ஸோவுக்குத் தேவையானது 90 முதல் 96 வரைதான், ஆகவே மலைக்கோப்பிக்கு ஒரு குறையும் இல்லை. பாய்லருக்குள்ளே தண்ணீர் அழுத்தத்தில் மூடிக்கிடப்பதால் 94ஐத் தாண்டிச் சூடாகும். வெளியே வந்ததும் அந்த மிச்சச் சூடு நீராவியாகச் சீறிப் போய்விடும். முதல் இரண்டு விநாடி மெஷின் துப்புவதைப் பார்த்து "ஓவராச் சூடாகுது" என்று முடிவுகட்டுவதும் இதே தவறின் மறுபக்கம். கோப்பித் தூள் போடாமல் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டால் சீற்றம் அடங்கிவிடும்.

அழுத்தமானி உள்ள பெரிய மெஷின்களிலும் இதே கதைதான். முள் 1 பார் காட்டும்போது கொழும்பில் பாய்லர் 120 பாகையில் இருக்கும். இங்கே 117 அளவில்தான் இருக்கும். முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு அழுத்தம் என்பதை, நம் வெளிக்காற்றோ மெலிந்தது.

சரி, அண்ணனின் கோப்பி ஏன் புளித்தது? அவசரம். இங்கே மார்கழி, தை மாதக் காலைகளில் சமையலறை இரும்பைத் தொட்டால் விரல் விறைக்கும். பச்சை விளக்கு ஐந்து நிமிடத்தில் எரிந்துவிடும். ஆனால் அந்த விளக்குக்குத் தெரிந்தது பாய்லரின் சூடு மட்டும். கோப்பித் தூள் வைக்கிற கைப்பிடியும் அதை மாட்டுகிற கனத்த பித்தளைத் தலையும் இன்னும் பனியில்தான் இருக்கும். தண்ணீரின் சூட்டை அவையே குடித்துவிடும். கைப்பிடியை மாட்டியபடியே அரை மணித்தியாலம் விடுங்கள். பழைய மெஷின் என்றால் இன்னும் கொஞ்சம். எங்கள் பாட்டன்மார் இந்த மலைகளுக்கு வந்ததே கோப்பித் தோட்டங்களுக்குத்தான். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியைத் தின்ற பிறகுதானே தேயிலை மலையெல்லாம் பிடித்தது. அவ்வளவு காலம் காத்திருந்த கோப்பி அரை மணித்தியாலம் காத்திருக்காதா?

அடுத்தது கரண்ட். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 190 வந்தால் 1000 வாட்ஸ் ஹீட்டர் 680 வாட்ஸ்தான் தரும். லைனின் கடைசி வீடாக இருந்து, மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் அயனும் ஓடும்போது மட்டும் மெஷின் மந்தமாகிறது என்றால், குற்றம் மெஷினில் இல்லை. காலை ஐந்து மணிக்கு ஒரு தரம் போட்டுப் பாருங்கள்.

பாவித்த மெஷினோடு இலவசமாக வருகிற, வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்போமர் பெட்டியைப் பற்றி ஒரு சொல். இங்கே ஜப்பானிலிருந்து வந்த பழைய மின்சாதனங்கள் பல 100 வோல்ட். அவற்றுக்கு அந்தப் பெட்டி உயிர். அதை விட்டுவிட்டு நேராகச் சொருகினால் ஹீட்டர் ஐந்து மடங்குக்கும் மேல் சக்தியில் கொஞ்ச நேரம் பிரமாதமாகச் சூடாகும், பிறகு எப்போதுமே சூடாகாது. மறுபக்கம், 230 வோல்ட் மெஷினுக்கு "பாதுகாப்புக்கு" என்று அந்தப் பெட்டியைப் போடுகிறவர்களும் உண்டு. நானே என் முதல் மெஷினை இரண்டு வாரம் அப்படி ஓட்டினேன். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை, பம்பும் வண்டு மாதிரி முனகிக்கொண்டிருந்தது. அடியில் ஒட்டியிருந்த தகட்டை வாசித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பம்பும் ஹீட்டரும் சேர்ந்தே சோர்ந்தால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். பம்ப் பலமாக ஓடி, சூடு மட்டும் இல்லையென்றால்தான் ஹீட்டர் பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம் பிளக். 1400 வாட்ஸ் மெஷின் 6 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதை 5 அம்பியர் உருண்டைப் பிளக்கிலும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலும் மாட்டினால் தண்ணீருக்குப் பதில் வயர்தான் சூடாகும்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த மெஷின் போட்டவுடன் ட்ரிப் சுவிட்சை விழுத்துகிறதா? மூடுபனி ஊர் இது, பெட்டிக்குள் வைத்த சட்டையே பூஞ்சணம் பிடிக்கும். ஹீட்டரின் உறைக்குள் இருக்கும் மக்னீசியம் ஒக்சைட் தூள் ஈரத்தை உறிஞ்சும், அதன் வழியே கரண்ட் கசியும். நன்றாக உலர்த்தினால் சில ஹீட்டர்கள் பிழைத்துக்கொள்ளும். உலர்ந்த பின்னும் ட்ரிப் ஆனால் ஹீட்டர் முடிந்தது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய பொயிண்டில் மாட்டி ஓட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கசிவு நின்றிருக்காது, உங்கள் கைக்காகக் காத்திருக்கும்.

உள்ளே சுண்ணாம்புக் கல் படிந்திருக்கும் என்று முதல் நாளே அமிலம் ஊற்றுவதும் எனக்குப் பிடிக்காது. நம் ஓடைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் ஓடிய மெஷின் என்றால் கதை வேறு, அதனால் அது எந்த ஊரில் ஓடியது என்று விற்பவரிடம் கேளுங்கள். அப்படிப்பட்டதில் அமிலம் கல்லைப் பொருக்குப் பொருக்காகக் கழற்றி ஒடுங்கிய குழாய்களை அடைக்கவும் கூடும். மழைத் தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் மட்டத்தை மின்முனையால் உணருகிற மெஷின்கள், தாது இல்லாத தண்ணீரைத் தண்ணீராகவே எண்ணாது. பாய்லர் காலி என்று நினைத்து ஹீட்டரைப் போடாமலே இருக்கும்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஸ்குரூ டிரைவர். பிளக்கைக் கழற்றி, மெஷினை முழுதாக ஆறவிட்டு, ஹீட்டரின் ஒரு முனை வயரை எடுத்துவிட்டு ஓம் மீட்டரால் மின்தடையை அளந்து பாருங்கள். 230 வோல்ட், 1000 வாட்ஸ் ஹீட்டர் 53 ஓம் அளவில் காட்டும். அது சரியென்றால் தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் அறுந்து கரண்டை நிறுத்துகிற வெப்ப பியூசும் மிச்சம். வெப்ப பியூஸ் ஒரு தடவை போனால் போனதுதான். பலர் அதைக் கண்டுபிடித்ததும் ஒரு துண்டு வயரை வைத்து முறுக்கிவிடுகிறார்கள். மெஷின் உடனே சூடாகும், ஆளும் பெருமைப்படுவார். ஆனால் அந்த பியூஸ் ஏன் போனது? பாய்லர் காலியாக இருக்கும்போது யாரோ சூடாக்கியிருக்கலாம், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். அடுத்த முறை அதைத் தடுக்க ஒன்றும் இருக்காது. அதே அளவு பியூசை வாங்கிப் போடுங்கள். போடும்போது ஈயம் வைத்து ஒட்டாதீர்கள், அந்தச் சூட்டிலேயே புது பியூசும் போய்விடும். நசுக்கி இணைக்கிற முனைதான் சரி. போட்ட பின் பாய்லரைத் தண்ணீரால் நிரப்பி, குழாயில் தண்ணீர் தொடர்ந்து வருகிறதா என்று பார்த்தபிறகே சூடாக்குங்கள்.

ஓம் மீட்டர் அசையவே இல்லையென்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. தனியாகக் கழற்றக்கூடியதா, பாய்லரோடு சேர்த்தே வார்த்ததா என்று முதலில் பாருங்கள். சேர்த்து வார்த்தது என்றால் முழுப் பாய்லரும் மாற்ற வேண்டும், அந்த விலைக்கு இன்னொரு பாவித்த மெஷினே கிடைத்துவிடலாம். அப்படியான ஒன்று என் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அதன் பம்ப் இப்போது அண்ணனின் மெஷினில் ஓடுகிறது.