அடுக்களையிலிருந்து ஒரு பாடம்: பாலர் வகுப்பில் அன்றாடப் பொருள்களைக் கொண்டு விசுவாசத்தைக் கற்பிக்கும் முறை

ஞாயிறு பள்ளியில் பாலர் வகுப்பை இந்த ஆண்டு புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்காகவும், குடும்ப ஜெபத்தின்போது பிள்ளைகளுக்குச் சிறு பாடம் ஒன்று சொல்ல விரும்பும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே ஒவ்வொரு படியையும் அமைத்திருக்கிறேன். தேவைப்படும் பொருள்கள் அனைத்தும் வீட்டு அடுக்களையில் இருப்பவைதான். இவற்றுக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சிவப்பு அட்டையில் இதயம் ஒன்றை வெட்டி, அதில் சிறு கதவு வைத்து, கதவைத் திறந்தால் உள்ளே இயேசுவின் படம் தெரியும்படி செய்து என் வகுப்பில் காட்டினேன். வகுப்பு முடிந்ததும் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், நான் தோசை சாப்பிட்டா அது இயேசப்பா மேல விழுமா?” என்று கேட்டாள். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை; கண்கள் கலங்கியிருந்தன. நான் காட்டியதை அவள் காட்டியபடியே நம்பியிருந்தாள்.

அந்தக் குழந்தையிடம் குறையேதும் இல்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜீன் பியாஜே, ஏறக்குறைய இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தருக்க முறையில் சிந்திக்கும் ஆற்றல் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதாக விளக்கினார். ஒரு பொருளைக் காட்டி, “இது வேறொன்றைக் குறிக்கிறது” என்று நாம் சொல்லும்போது, பெரியவர்களின் மனம் செய்யும் தாவலை இந்த வயது மனம் செய்வதில்லை. ஆகவே, இந்த முறை முழுவதற்கும் ஆதாரமான விதி இதுதான்: பொருளை அடையாளமாகக் காட்டாதீர்கள், வேதாகமக் கதைக்குள்ளேயே இருக்கும் பொருளைக் கொண்டுவந்து, கதையில் அது செய்த வேலையைப் பிள்ளைகளின் கண் முன்னே செய்ய விடுங்கள். ஆண்டவருடைய உவமைகளில் உப்பு, விளக்கு, புளித்த மாவு, வெள்ளிக்காசு, கடுகு என்று நம் வீட்டிலுள்ள பொருள்கள் நிறைந்திருப்பதால், புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

இனி ஒரு பாடத்தை முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்ப்போம். மத்தேயு 13:33-இல் வரும் புளித்த மாவின் உவமையை எடுத்துக்கொள்கிறேன்; ஒரு ஸ்திரீ கொஞ்சம் புளித்த மாவை எடுத்து மூன்றுபடி மாவிலே அடக்கிவைக்க, மாவு முழுவதும் புளித்தது, பரலோகராஜ்யமும் அப்படியே என்று ஆண்டவர் அதில் சொல்கிறார். இதைத் தேர்ந்தெடுத்தேன், ஏனெனில் இட்லி மாவு புளிப்பதைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை அரிது.

முதல் படி: வேதபகுதியும் ஒரே ஒரு வாக்கியமும்

பெரும்பாலான புதிய ஆசிரியர்கள் முதலில் சுவாரசியமான பொருளைத் தேடிப் பிடித்து, அதன்பின் அதற்கு ஒரு வசனத்தைப் பொருத்துகிறார்கள். இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். வேதபகுதியை மூன்று முறை வாசித்துவிட்டு, பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை, பிள்ளை பேசுகிற மொழியிலேயே எழுதுங்கள். இந்தப் பாடத்துக்கு நான் எழுதிய வாக்கியம்: “நாம தூங்கும்போதும் கடவுள் வேலை செய்றாரு.” மனமாற்றம், பரலோகராஜ்யத்தின் வளர்ச்சி, சபையின் சாட்சி என்று மூன்று கருத்துகளைச் சேர்த்தால் ஒன்றுகூடப் பிள்ளையின் மனத்தில் தங்காது. வேறு சில இடங்களில், குறிப்பாக மத்தேயு 16-இலும் 1 கொரிந்தியர் 5-இலும், புளிப்பு தீமையான ஒன்றைக் காட்ட வருகிறது என்பதும் உண்மை. அதை இந்த வகுப்பில் தொட வேண்டாம்.

வசனத்தில் உள்ள ஒரு சொல்லை மட்டும் ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் வேதாகமம் “மூன்றுபடிமாவிலே” என்று நம்முடைய அளவைச் சொல்லையே பயன்படுத்துகிறது. ஆனால் மூலத்தில் சொல்லப்படும் அளவை நம் படியைவிடப் பல மடங்கு பெரியது. அந்த ஸ்திரீ பிசைந்தது ஒரு குடும்பத்தின் காலை உணவுக்கான மாவு அல்ல, ஊர் கூடி உண்ணும் அளவுக்கான மாவு. “எவ்வளவு பெரிய அண்டா தெரியுமா?” என்று கைகளை விரித்துக் காட்டும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

இரண்டாம் படி: வீட்டில் ஒத்திகை

வெள்ளிக்கிழமை இரவே ஒரு முறை செய்து பாருங்கள். வாய் அகன்ற கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து, புதிதாக அரைத்த இட்லி மாவில் பழைய மாவு ஒரு கரண்டியைக் கலந்து, பாட்டிலில் பாதியளவு மட்டும் ஊற்றுங்கள். மாவின் மட்டத்துக்குச் சரியாக ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். காற்று வெளியேற வழியில்லாவிட்டால் பாட்டிலுக்குள் அழுத்தம் கூடும். நம் ஊர் வெப்பத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மாவு நன்றாக மேலெழும்பியிருக்கும்.

ஒரு முறை இரண்டு பாட்டில்களை வைத்து, ஒன்றில் பழைய மாவைக் கலந்தும் மற்றொன்றில் கலக்காமலும் வேறுபாட்டைக் காட்ட முயன்றேன். காலையில் இரண்டுமே பொங்கியிருந்தன. உளுந்தும் அரிசியும் சேர்ந்த மாவு வெயில் காலத்தில் தானாகவே புளிக்கும் என்பது தெரிந்திருந்தும் நான் அதை யோசிக்கவில்லை. காட்ட வந்ததற்கு நேர்மாறானதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அதன்பின் நான் சொன்ன எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. எனவே ஒரே பாட்டில் போதும். ஒத்திகையின்றி எந்தப் பொருளையும் வகுப்புக்குக் கொண்டு செல்லாதீர்கள்.

மூன்றாம் படி: தொடக்கத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்

பொங்கிய மாவை மட்டும் காட்டினால் அது வெறும் மாவு. எங்கள் சபையில் சனிக்கிழமை மாலை பிள்ளைகள் பாட்டுப் பயிற்சிக்கு வருவதால், அப்போதே பாட்டிலைக் காட்டி, ரப்பர் பேண்டை ஒரு பிள்ளையையே போடச் சொல்லி, பாட்டிலைத் துணியால் மூடி வைத்துவிடுவேன். அந்த வசதி இல்லாதவர்கள், மாலையில் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிறு காலையில் காட்டலாம். பெற்றோருக்கு இந்தச் சிரமம்கூட இல்லை. இரவு படுக்குமுன் பிள்ளையின் கையாலேயே ரப்பர் பேண்டைப் போடச் செய்தால் போதும்.

நான்காம் படி: பேசாமல் இருப்பது

இந்தப் படிதான் கடினமானது, இதுவே முக்கியமானதும்கூட. ஞாயிறு காலை துணியை எடுத்தபின் எதுவும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அருகில் வரட்டும், மூடியைத் திறந்து முகரட்டும், மேலே தெரியும் குமிழிகளை எண்ணட்டும். சென்ற முறை ஒரு சிறுவன் ரப்பர் பேண்டின் மேல் விரலை வைத்து, பிறகு மாவின் மட்டம் வரை மெதுவாக விரலை நகர்த்தி, “டீச்சர், நேத்து இவ்வளவுதானே இருந்துச்சு? ராத்திரி யாரு ஊத்துனா?” என்று கேட்டான். யாரும் ஊற்றவில்லை என்று அவன் பக்கத்தில் இருந்தவளே பதில் சொன்னாள். வேதபகுதியைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவரும்படி யோசுவா கட்டளையிட்டபோது, இந்தக் கற்கள் ஏதென்று பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பார்கள் என்றும், அப்போது பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்றுமே சொல்லப்பட்டது (யோசுவா 4:6, 7). பஸ்காவைக் குறித்தும் யாத்திராகமம் 12:26 இதே வரிசையைத்தான் வைக்கிறது. பொருள் முதலில் நிற்கிறது, பிள்ளை கேட்கிறது, அதன்பிறகே பெரியவர் பேசுகிறார்.

ஐந்தாம் படி: கதை, வாக்கியம், உணவு

உவமையை ஐந்து நிமிடத்துக்குள் சொல்லுங்கள். பிறகு நீங்கள் எழுதிவைத்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி, பிள்ளைகளையும் சொல்ல வைத்து, அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். “பாட்டில் நம் உள்ளம், ரப்பர் பேண்ட் நம் பாவம்” என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லத் தொடங்கினால், சிவப்பு அட்டை இதயத்தின் கதைதான் மீண்டும் நடக்கும். முடிந்தால் அதே மாவில் குழிப்பணியாரமோ தோசையோ சுட்டுக் கொடுங்கள். கையால் தொட்டு, முகர்ந்து, வாயால் சுவைத்த பாடத்தைப் பிள்ளை வீட்டில் தானாகவே சொல்லும்.

இதே முறையில் வேறு சில பாடங்கள்

காணாமற்போன வெள்ளிக்காசு (லூக்கா 15:8-10) இந்த முறைக்கு மிகவும் ஏற்றது; ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களோடு செய்யுங்கள். பத்து ஒரு ரூபாய் நாணயங்களைப் பிள்ளைகள் சத்தமாக எண்ணி ஒரு கிண்ணத்தில் வைக்கட்டும். அவர்கள் கண்ணை மூடிப் பாடும்போது ஒன்றை எடுத்து ஒளித்துவிடுங்கள். மறுபடியும் எண்ணினால் ஒன்பதுதான் இருக்கும். சன்னல்களைச் சாத்தி, ஒரு டார்ச் விளக்கையும் ஒரு துடைப்பத்தையும் கையில் கொடுத்து, கிடைக்கும் வரை தேடச் சொல்லுங்கள். கதையில் பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்துத் தேடும் ஸ்திரீயின் அந்தக் காசு ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலிக்குச் சமமானது என்பதை, “அப்பா நாள் முழுதும் உழைச்சுக் கொண்டு வந்த காசு” என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும். நாணயம் கிடைத்தவுடன் எழும் கூச்சலை அடக்க வேண்டாம். அந்தச் சந்தோஷம்தான் பாடம். அந்தப் பெண் சிநேகிதிகளையும் அயல்வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டதாக வேதம் சொல்வதால், பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் அழைத்து ஆளுக்கொரு மிட்டாய் கொடுங்கள். இங்கே ஒரு கவனம் தேவை: பிள்ளைகள் தேடுகிறவர்களாக நடித்தாலும், கதையில் தேடுகிறவர் தேவன். ஆகவே முடிவில் சொல்ல வேண்டிய வாக்கியம், “நான் தொலைஞ்சு போனாலும் கடவுள் என்னைத் தேடுவாரு” என்பதே.

விளக்குப் பாடத்துக்கு (மத்தேயு 5:15) மரக்கால் கிடைத்தால் மிகவும் நல்லது, ஏனெனில் தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல்லே இருக்கிறது. இன்றைய பிள்ளைகள் பலர் அதைக் கண்டதில்லை. தாத்தா, பாட்டியின் வீட்டிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி, “இதனால நெல் அளப்பாங்க” என்று காட்டுங்கள். இருட்டான அறையில் எரியும் டார்ச் விளக்கை மரக்காலால் மூடி, பிறகு எடுத்து ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், நெருப்புக்கு அருகில் பாலர் வகுப்பை வைத்துக்கொள்ளும் துணிவு எனக்கு இல்லை.

உப்புப் பாடத்துக்கு உப்பிட்ட கஞ்சி ஒரு கிண்ணம், உப்பிடாத கஞ்சி ஒரு கிண்ணம் போதும். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்பளமும் கருவாடும் தெரியும் என்பதால், உப்பு சுவையைத் தருவதோடு மீனைக் கெடாமலும் காக்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கடுகை மட்டும் பிள்ளைகளின் கையில் தனித்தனியாகக் கொடுக்காதீர்கள். சிறு பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் பொருள்களில் அதுவும் ஒன்று. கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி, ஆசிரியர் தூவ, பிள்ளைகள் தண்ணீர் தெளிக்கட்டும். சில நாள்களிலேயே முளை தெரியும். நாணயத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: நான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் அறையில் இருந்தால், வாய்க்குள் போகும் அளவுள்ள எந்தப் பொருளும் வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

கறுத்த நீரில் ஒரு திரவத்தை ஊற்றித் தெளிய வைத்து, “பாவம் போய்விட்டது” என்று காட்டும் வித்தைகளை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அதை மிகவும் விரும்புவார்கள் என்பதே அதன் ஆபத்து. மறுவாரம் அவர்கள் கேட்பது அந்த வித்தையைத்தான், ஆண்டவரை அல்ல. சலவைத் திரவங்கள் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கானவை என்பது வேறு.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவரும் ஒரே தேவன் என்ற திரியேகத்தை விளக்க முட்டையையோ தண்ணீரையோ எடுக்காதீர்கள். ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள் கரு ஆகியவற்றுள் எதுவும் தனியாக ஒரு முழு முட்டை ஆகாது. ஆனால் பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியும் தேவத்துவத்தின் பகுதிகள் அல்லர். நீர், பனிக்கட்டி, நீராவி என்று சொன்னால், ஒருவரே மூன்று வேடங்களில் வருகிறார் என்று ஆகிவிடுகிறது. மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு என்ற போதகரின் பெயரோடு தொடர்புபடுத்தப்பட்டு, திருச்சபை தள்ளிவிட்ட போதனை அதுவே. இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்ற கதையை (மத்தேயு 3:16, 17) அப்படியே சொல்லுங்கள். குமாரன் கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், பிதாவின் சத்தம் கேட்கிறது. அந்த வயதுக்கு அதுவே நிறைவானது. திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும்கூட வகுப்பறைப் பொருளாக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். பிள்ளைகள் அவற்றை ஆலயத்தில், பெற்றோரின் அருகில் நின்று பார்க்கட்டும்.

கடைசிப் படி: வீடும் அடுத்த ஞாயிறும்

வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பேச வேண்டும் என்று உபாகமம் 6:7 பெற்றோருக்கே சொல்கிறது. ஆகவே பாடத்தின் ஒற்றை வாக்கியத்தையும் பொருளின் பெயரையும் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள். அடுக்களையில் மாவு பொங்கியிருக்கும் ஒரு காலையில், “யாரு ஊத்துனா?” என்று அம்மா கேட்டால் போதும், விளக்கம் தேவைப்படாது.

அடுத்த ஞாயிறு, கழுவிக் கவிழ்த்த அதே காலிப் பாட்டிலை மேசையின் மேல் வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் ஒன்றும் சொல்லாமல் காத்திருங்கள். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் அவர்களுடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டு, அதிலிருந்து அன்றைய பாடத்தைத் தொடங்குங்கள்.