‘அநேகமாக’ என்ற சொல்லுக்குப் பதில் ஓர் எண்

1951ஆம் ஆண்டு அமெரிக்க உளவு அறிக்கை ஒன்று, யுகோஸ்லாவியா தாக்கப்படுவதற்குக் ‘கணிசமான சாத்தியம்’ இருப்பதாகக் கூறியது. அதைத் தயாரித்த குழுவினரிடம் சிஐஏ உளவு ஆய்வாளர் ஷெர்மன் கென்ட் பொருள் கேட்டபோது, 20 முதல் 80 விழுக்காடு வரை வெவ்வேறு விடைகள் வந்தன. அலுவலகத்தில் நாம் சொல்லும் ‘அநேகமாக முடிந்துவிடும்’ என்பதும் இத்தகையதே. ஆகவே முதலில் எண்ணைச் சொல்லுங்கள்.

அந்த எண்ணை உள்ளுணர்விலிருந்து எடுக்காமல் பழைய பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு விநியோகஸ்தர் கடந்த 20 முறையில் 6 முறை தாமதித்திருந்தால், இம்முறை எவ்வளவு உறுதியாக வாக்களித்தாலும், தாமதத்துக்கான வாய்ப்பை 30 விழுக்காட்டிலிருந்தே தொடங்குங்கள். சரக்கு தாமதமானால் இழப்பு 50,000 ரூபாய், விரைவு அஞ்சலுக்குக் கூடுதல் செலவு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கப்படும் இழப்பு 15,000 ரூபாய் (50,000இல் 30 விழுக்காடு) என்பதால் கூடுதல் செலவு தகும். இங்கே கவனிக்க வேண்டியது, 8,000ஐ 50,000ஆல் வகுத்தால் வரும் 16 விழுக்காடு என்னும் எல்லைதான். வாய்ப்பு அதற்கு மேலா, கீழா என்று தெரிந்தால் போதும், 25ஆ 35ஆ என்று கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதிடத் தேவையில்லை. ஆனால், ஒரே இழப்பு நிறுவனத்தையே மூழ்கடிக்கும் எனில் இந்தச் சராசரிக் கணக்கை நம்பாதீர்கள்.

கணிப்புகளைத் தேதியுடன் எழுதி வையுங்கள். வானிலைக் கணிப்புகளுக்காக கிளென் பிரையர் 1950இல் வெளியிட்ட அளவுகோல் இங்கும் பயன்படும்: நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று கொண்டு, அதற்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கமே பிழை. 0.7 என்று கணித்தது நடந்தால் பிழை 0.09, நடக்காவிட்டால் 0.49. பல கணிப்புகளின் சராசரிப் பிழை குறையக் குறைய, உங்கள் கணிப்புத் திறன் கூடுகிறது.