திருகு வைக்காமல் முடிந்தது

மூன்று வருட முதுகுவலி. கடைசியில் அது இடது காலில் மின்சாரம் பாய்வதுபோல் இறங்க ஆரம்பித்தது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. முதலில் பார்த்த மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தைத் தூக்கிப் பிடித்துவிட்டு, "திருகு வைத்து எலும்பை இணைச்சிடலாம்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இன்னொருவரிடமும் காட்டினேன். அவர் படத்தைத் தொடும் முன்பே காலைத் தூக்கச் சொன்னார், கட்டைவிரலை மடக்கி நீட்டச் சொன்னார். இடுப்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. எலும்பு நழுவவில்லை, அதனால் இணைக்கும் வேலையே இல்லை என்றார்.

அவர் செய்தது எண்டோஸ்கோப்பி முறை, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாய் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை. தசையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு குழாய் போகும், பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள். எனக்கு மரத்துப்போகும் ஊசிதான், "கால்ல சுரீர்னு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நரம்பில் படாமல் இருக்க அதுவும் ஒரு காவல்.

கால்வலி அன்றே போனது. முதுகுவலி போகவில்லை! அவர் முன்பே சொன்னதுதான்: இது நரம்பு அழுத்தத்துக்கான வைத்தியம், பழைய முதுகுவலிக்கு உத்தரவாதம் கிடையாது. அது பிசியோதெரபியில் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தது. டிஸ்க் மறுபடி பிதுங்கலாம் என்பதால் குனிந்து கனம் தூக்குவதை விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும்: சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ என்னைப்போல் நிதானமாக மருத்துவர் தேடாதீர்கள், அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.