உதிர்ந்த பல், தொலைந்த தொப்பி: மாஸ் இனங்களைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்காலத்தில் மாணவர்கள் சிலரோடு கொடைக்கானல் பக்கம் மாஸ் (ஈர மண்ணில் பாசி போலப் படரும் சிறு செடி) சேகரிக்கப் போனேன். சாலையோர மண்கரையில் எடுத்த மூன்று பொட்டலங்களிலும் ‘பிஸ்கோமிட்ரியம்’ என்று எழுதி நீட்டினார்கள். ஏன் என்று கேட்டேன். “கேப்சூல் வாயில் பல் இல்லை சார்” என்றார்கள். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் சொன்ன அதே பதில். கேப்சூல் என்பது காம்பின் நுனியில் வித்துகள் இருக்கும் பை; அதன் வாயைச் சுற்றி நிற்பவைதான் பற்கள்.

இலையை வைத்துப் பெயர் சொல்வது

பியூனேரியா, என்டோஸ்தோடான், பிஸ்கோமிட்ரியம் மூன்றும் ஒரே குடும்பத்து மாஸ் பேரினங்கள். மூன்றுக்கும் மெல்லிய இலை, பெரிய செல்கள், ஒற்றை நடுநரம்பு. கேப்சூல் கிடைக்கவில்லையென்றால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள்.

உதிர்ந்த பல்லை ‘பல் இல்லை’ என்று எழுதுவது

முதிர்ந்த பியூனேரியா ஹைக்ரோமெட்ரிகாவில் குழப்பம் குறைவு. கேப்சூல் வளைந்து சாய்ந்திருக்கும், வாய் கோணலாக இருக்கும், உள்ளே இரண்டு அடுக்குப் பற்கள், அடுக்குக்கு 16. சிக்கல் மற்ற இரண்டில்தான். இரண்டின் கேப்சூலும் நிமிர்ந்த பேரிக்காய் வடிவம். பிஸ்கோமிட்ரியத்துக்குப் பல்லே கிடையாது. என்டோஸ்தோடானில் பல இனங்களுக்குக் குட்டையான பற்கள் உண்டு. கேப்சூல் பழசானால் அவை ஒடிந்து போகும். சில இனங்களுக்கு முதலிலிருந்தே பல் இல்லை. ஆகவே வெறும் வாயை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முடிவு சொல்வது தொப்பி, அதாவது இளம் கேப்சூலின் மேல் கவிந்திருக்கும் மெல்லிய உறை. பிஸ்கோமிட்ரியத்தின் தொப்பி மணி மாதிரி நிமிர்ந்து, அடியில் பல மடல்களாகக் கிழிந்திருக்கும். என்டோஸ்தோடானின் தொப்பி அடியில் உப்பி, மேலே நீண்ட மூக்கோடு, ஒரு பக்கம் மட்டும் பிளந்திருக்கும். கேப்சூல் முதிர்ந்ததும் தொப்பி தானாகவே விழுந்துவிடும்.

ஒரு வருடம் நான் மண் போகட்டும் என்று எல்லா மாதிரிகளையும் சல்லடையில் போட்டு அலசினேன். தொப்பிகள் அத்தனையும் தண்ணீரோடு போய்விட்டன. மிஞ்சியது திறந்த பழைய கேப்சூல்கள். பல் தெரியவில்லை, பத்தொன்பது பொட்டலங்களில் பிஸ்கோமிட்ரியம் என்று எழுதினேன். அடுத்த வருடம் சீக்கிரமாகவே அதே கரைக்குப் போனபோது வாயை அடைக்கும் மூடி கழலாத கேப்சூல்கள் கிடைத்தன. ஊசியால் மூடியை நெம்பினால் விளிம்பில் குட்டைப் பற்கள். தொப்பியிலும் ஒரே பிளவு. பத்தொன்பதும் தப்பு. பருவத்துக்கு வந்து காய்ந்துபோகிற செடி என்பதால் ஒரு முழு வருடம் வீணானது. இன்றும் யாராவது மாஸை அலசுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

அலசாதீர்கள். தொப்பியைத் தனியாக ஒரு சின்னக் காகிதத்தில் மடித்து அதே பொட்டலத்தில் வையுங்கள். இளசு, மூடியோடு முதிர்ந்தது, திறந்தது என மூன்று நிலைக் கேப்சூலும் வேண்டும். இளசை மட்டும் நம்பினாலும் ஆபத்து: வளையாத இளம் பியூனேரியா நிமிர்ந்தே நிற்கும்.

ஒரே நிலையில் பார்ப்பது

பியூனேரியா கேப்சூலின் வரிப்பள்ளங்கள் காய்ந்தால்தான் தெரியும். இலையின் வடிவம் நனைந்தால்தான் தெரியும்.

கலந்த பொட்டலம்

ஒரே பொட்டலத்தில் வேறு மாஸும் கலந்திருக்கலாம். கேப்சூல் காம்பின் அடி எந்தச் செடியில் செருகியிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

பழைய பெயர்

பழனி மலை மாஸ்களைப் பற்றி ஃபொரோ பாதிரியார் 1961-ல் வெளியிட்ட பட்டியல் இன்றும் உதவுகிறது. ஆனால் பெயர்கள் மாறியிருக்கின்றன. ஆய்வகங்களில் வளர்க்கும் பிஸ்கோமிட்ரெல்லா பேட்டன்ஸ்கூட இப்போது பிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ்தான்.

அப்புறம் மாணவர்களின் மூன்று பொட்டலங்களையும் பிரித்தோம். ஒன்றின் மடிப்பில் இரண்டு தொப்பிகள் ஒட்டியிருந்தன, இரண்டிலும் ஒரு பக்கப் பிளவு. அதில் என்டோஸ்தோடான் என்று திருத்தினோம். மற்ற இரண்டிலும் பெயரை அடித்துவிட்டு, அடுத்த மழைக்குப் போக வேண்டிய இடத்தை மட்டும் குறித்து வைத்தோம்.