வெட்டுக்கோடு எந்தப் பக்கம் சரிகிறது?

பினாங்கில் ஓவியம் பழகும் நம் பிள்ளைகளிடம் துயரத்தை வரையச் சொன்னால் கண்ணீர் வழியும் முகம் வருகிறது. பண்பாட்டை வரையச் சொன்னால் மயிலும் தாமரையும். கைக்கு முதலில் அகப்படுவதைக் குறியீடாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. வரைந்தவரின் வீடு அதில் தெரிவதில்லை.

இன்னொன்று, பொருளின் இயக்கம் தெரியாமல் அதைக் குறியீடாக்குவது. இதை நானே செய்தேன். பாட்டி இறந்த ஆண்டு, அவர் பால் வெட்டிய ரப்பர் மரத்தை வரைந்து, வெட்டுக்கோட்டை வலமிருந்து இடமாக இறக்கிவிட்டேன். பெரியம்மா பார்த்ததும், "இப்படி வெட்டினால் பால் குறையுமே தம்பி" என்றார். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டுதான் அவற்றில் அதிகமானவற்றை அறுக்கும். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஆழமாய் இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டுமுண்டாக ஆறும், பிறகு அங்கே சரியாக வெட்ட வராது என்றும் அவர்தான் சொன்னார். மறுபடி வரைந்தபோது பட்டையை மட்டும் வரைந்தேன்: ஆறிய வெட்டுகள், நடுவே ஒரு முண்டு. பெரியம்மா அதை விரலால் தடவிப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

குவித்து வைப்பதும் படத்தைக் கெடுக்கும். தைப்பூசம் என்றாலே காவடி, பால்குடம், வெள்ளி இரதம், தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. எனக்கு இரதத்துக்கு முன்னே உடையும் சிதறுதேங்காய் போதும். அந்த நீர் ஓடும் சாலையில் சீனர்களும் நம்மோடு நின்று உடைக்கிறார்கள். பினாங்கே அதில் இருக்கிறது.

நிறத்தையும் தனியாக எண்ணக் கூடாது. வாசல் கோலத்தின் வெள்ளை நமக்கு மங்கலம், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு அதே வெள்ளை துக்க உடையின் நிறம். பக்கத்தில் எந்த நிறத்தை வைக்கிறோம் என்பதை இருவர் கண்ணாலும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, இடம் விடாமல் நிரப்பும் பழக்கம். துணியில் மெழுகும் சாயமும் கொண்டு உரு எழுப்பும் பாத்தேக்கை 1950களில் ஓவியமாக்கிய பினாங்கு ஓவியர் சுவா தியென் தெங்கின் படங்களைப் பாருங்கள். தாயும் சேயும் அவர் பலமுறை வரைந்த பொருள். பாத்தேக்கில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. எதை வெறுமையாக விடுவது என்று சாயத்தைத் தொடும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். என் படத்தில் பாட்டியின் முகத்துக்கு அந்த வெற்றிடத்தைத்தான் கொடுத்தேன்.