ராத்திரி நெஞ்செரிச்சலா? மாத்திரைக்கு முன்னால் கட்டிலைக் கவனியுங்கள்

பகலெல்லாம் சும்மா இருக்கும் நெஞ்செரிச்சல் படுத்ததும் கிளம்புவது ஏன்? உட்கார்ந்திருக்கும்போது இரைப்பை அமிலம் மேலே ஏறினாலும் தானாக இறங்கிவிடும், மிச்சத்தை நாம் விழுங்கும் எச்சில் கழுவிவிடும். தூக்கத்தில் எச்சிலும் குறைவு, விழுங்குவதும் குறைவு, உடம்போ கிடையாக இருக்கிறது. ஏறிய அமிலம் உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்குகிறது. நடுராத்திரி தொண்டைக்குப் புளித்த தண்ணி வந்து எழுப்புவது, காலையில் குரல் கம்முவது, வறட்டு இருமல், பல் கூச்சம், போதுமான நேரம் தூங்கியும் அசதி, இதெல்லாம் அதனால் இருக்கலாம்.

1. சாப்பாட்டை முன்னால் தள்ளுங்கள்

படுக்கும் நேரத்திலிருந்து 3 மணி நேரம் பின்னோக்கி எண்ணுங்கள். 11 மணிக்குப் படுப்பவருக்கு 8 மணிக்குள் தட்டு காலியாகியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் இது லேசான காரியமில்லை, தேக்கா பக்கம் ராத்திரி நேரத்திலும் முர்தபாவும் மீ கோரெங்கும் கிடைக்கிறதே! வேலை முடிந்து தாமதமாக வருபவர்கள் பெரிய சாப்பாட்டை வேலையிடத்து இடைவேளையிலேயே முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள்

15 முதல் 20 செ.மீ. வரை. தலையணையை அடுக்கினால் போதாதா என்றால், போதாது: கழுத்து மடங்கும், இடுப்பும் வளைந்து வயிறு அமுங்கும், எரிச்சல் கூடவும் கூடும். உயர வேண்டியது தலை மட்டுமல்ல, நெஞ்சும்தான். கால் வைத்த கட்டில் என்றால் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் உறுதியான கட்டைகள் வையுங்கள், நடுவில் குழி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் கால் நழுவாது. வைத்ததும் கட்டிலை நன்றாக ஆட்டிப் பாருங்கள். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பலரும் வைத்திருக்கும், அடியில் சாமான் அடுக்குகிற கட்டிலுக்குக் கட்டை வைக்க முடியாது. அதற்குச் சாய்வான நுரை மெத்தைத் துண்டு கிடைக்கிறது, இடுப்புக்கு மேல் முழுவதையும் தாங்குகிற நீளமானதாக வாங்குங்கள். முதல் சில நாள் கீழே சறுக்குவதுபோல் இருக்கும். முழங்காலுக்கடியில் சின்னத் தலையணை வைத்தால் சரியாகிவிடும்.

3. இடது பக்கம் படுங்கள்

இடப்பக்கமாகப் படுத்தால் உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குக் கீழே இரைப்பை இருக்கும், அமிலம் ஏறுவது கடினம். வலப்பக்கம் படுத்தால் நேரெதிர். செலவே இல்லாத வைத்தியம்.

4. எழுதி வையுங்கள்

இரண்டு வாரம், ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எப்போது படுத்தீர்கள், எரிந்ததா, இவ்வளவுதான். எல்லாரும் மிளகாயைத் திட்டுவார்கள். ஆனால் எண்ணெய்ப் பலகாரம், சாக்லேட், கோப்பி, மது, ஏன், சாப்பாட்டுக்கப்புறம் வாயில் போடும் புதினா மிட்டாய்கூட சிலருக்கு எதிரிதான். உங்கள் எதிரி யார் என்று உங்கள் குறிப்புதான் சொல்லும், அதை மட்டும் குறைத்தால் போதும்.

5. மருந்து

அல்ஜினேட் உள்ள காவிஸ்கான் வகைத் திரவம் இரைப்பையில் உள்ளதன் மேல் நுரைபோல் மிதந்து அமிலத்தைத் தடுக்கும். சாப்பிட்டபின், படுக்கும்முன் குடிக்க வேண்டியது. அமிலம் சுரப்பதையே குறைக்கும் ஒமெப்ரசோல் வேறு ரகம், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் எடுக்க வேண்டும், எரியும்போது விழுங்கினால் உடனே கேட்காது. மருந்தாளரிடம் பேசி வாங்குங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரிடம் போங்கள். இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் எரிச்சலைக் கூட்டலாம். மருத்துவர் கொடுத்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள்.

6. காத்திருக்கக் கூடாதவை

விழுங்கும்போது சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது: இவை இருந்தால் சீக்கிரம் மருத்துவரைப் பாருங்கள். ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு. நெஞ்சு இறுக்கிப் பிடித்து வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தால், வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 995-ஐ அழையுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், வாரத்தில் பல ராத்திரி எரிச்சல் தொடர்ந்தால் பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்யுங்கள். வருடக்கணக்கில் விட்டால் உணவுக்குழாய் சுருங்கலாம், அரிதாகச் சிலருக்கு அதன் உட்படலமே மாறிப் புற்றுநோய் வரை போகலாம். போகும்போது அந்த இரண்டு வாரக் குறிப்பையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.